நடுப்பட்டையின் அம்புக்குறி

ஜூன் 10, 2024, திங்கள்

அந்தக் கிட்டார் வேலையை சார் அனஸிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் பட்டறையில் இதுவரை கழுத்தைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் செய்து, நான்கு ஸ்குரூ போட்டு மாட்டுவதுதான் வழக்கம். இது அப்படியல்ல. தலையிலிருந்து அடிவரை ஒரே கட்டை. கழுத்தே உடம்புக்குள் புகுந்து மறுமுனைவரை போகும்; அதன் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மரத்தை ஒட்ட வேண்டும். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் முட்டு இருக்காது. வாசிப்பவன் கை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கோடுகளில் கடைசி வரை தடையில்லாமல் போகும்.

மூன்று வருடமாக ஞானசேகரன் சாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஆர்டர் வரட்டும் எழில், உனக்குத்தான்" என்றவர் அவர். ஆர்டர் வந்தது. "அனஸ் வாசிக்கவும் செய்யறான்ல, கஸ்டமர்கிட்ட பேச வசதியா இருக்கும்" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

இந்த அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பதினோரு வருடமாகக் கழுத்து இழைக்கிறேன். அவன் வந்து இரண்டு வருடம். எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். அதனால் என்ன? தோசைக்கல் செய்கிறவன் தோசையும் சுட வேண்டுமா?

ஜூன் 11

சாப்பாட்டு நேரத்தில் அனஸ் கிட்டார் வாசித்தான். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 13, வியாழன்

அவன் வேலைக்கு நான் குறி போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

கட்டை ஒரே மரத்துண்டு இல்லை. மூன்று மேப்பிள் பட்டை, இடையில் மெல்லிசாக இரண்டு ஈட்டி மரப் பட்டை, ஐந்தையும் சேர்த்து ஒட்ட வேண்டும். மேப்பிள் பட்டைகளில் நடுவில் இருப்பதை மட்டும் திருப்பி வைக்க வேண்டும். மரத்தின் ஆண்டு வளையம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பட்டை முறுக்கிக்கொள்ளும். நடுப்பட்டை எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நேராக நிற்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் மரத்தின் முனையில் மெழுகு பூசியிருக்கும், வளையம் சட்டென்று தெரியாது. அதனால் பக்கவாட்டு ரேகையைப் பார்த்து, வளையம் எந்தப் பக்கம் என்று முனையில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுவோம். பட்டறையில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். ஒட்டும்போது மேலே, கீழே, மேலே என்று அம்பு வந்தால் சரி.

இரண்டு நிமிடத்தில் மூன்றுக்கும் போட்டு அவன் மேசையில் டொக்கென்று வைத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்றான். நான் அதற்குள் என் மேசைக்குத் திரும்பியிருந்தேன்.

வீட்டில் மோகன், "இன்னாடி, சாம்பார்ல உப்பே இல்ல" என்றார். என் வீட்டுக்காரருக்கு மூக்கு நீளத்துக்குமேல் எதுவும் தெரியாது.

ஜூன் 14, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அனஸ் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்து ஒட்ட ஆரம்பித்தான். பசை தடவி, பட்டைகளை அடுக்கி, இறுக்கிப் பிடிக்க க்ளாம்ப் மாட்டிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றேன். கட்டையின் முனையைப் பார்த்தேன்.

மேலே, மேலே, மேலே.

நடுப்பட்டையைத் திருப்பவில்லை. மூன்று க்ளாம்ப்தான் முறுக்கியிருந்தான். இன்னும் ஏழெட்டு இருந்தது. பசை ஈரமாகத்தான் இருந்தது, ஒரு வார்த்தை சொன்னால் உடனே கழற்றித் திருப்பியிருக்கலாம். அவன்கூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

நான் தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15

க்ளாம்ப் எடுத்தாயிற்று. கல் மாதிரி ஒட்டியிருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத். அனஸ் இன்று பூந்தமல்லியிலிருந்து பிரியாணி கொண்டுவந்தான். எனக்குத் தனி டப்பா. "அம்மா உங்களுக்குன்னு எடுத்து வச்சாங்கக்கா, காரம் கம்மியா" என்றான். எனக்கு அல்சர் என்று எப்போதோ சொன்னதை அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கியது. டப்பாவைக் கழுவியும் கொடுத்தேன். எப்படிப்பட்ட பொம்பள நான்?

ஜூன் 27, வியாழன்

இன்று இறக்கைகளை ஒட்டினான். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்குரூ போட்ட கழுத்து என்றால், கோணம் சரியில்லாவிட்டால் விசிட்டிங் கார்டை நறுக்கி அடியில் சொருகலாம். ரொம்ப மோசமென்றால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். இதில் கழுத்து கெட்டால் கிட்டாரே கெட்டது.

சார் அவன் தோளில் தட்டினார். எனக்கு எரிந்தது. எரியும்போதே, கொஞ்சம் பொறுங்கள், மழைக்காற்று வந்து கழுத்து முறுக்கட்டும், இந்தத் தோளைத் தட்டியதற்கு நீங்களே வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தேன். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கழுத்தையும் அவனே இழைக்கிறான். என் உளியை இரவல் கேட்டான். கொடுத்தேன். பின்பக்கத்தில் அவன் எடுத்திருக்கும் வளைவைத் தடவிப் பார்த்தேன். நான் எடுப்பதைவிட நன்றாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஸ்டீல் ஸ்கேலைக் கழுத்தின்மேல் வைத்துப் பார்க்கிறேன். முன்னாலும் பின்னாலும் வளைந்தால் கழுத்துக்குள்ளே போட்டிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்டால் கம்பியாலும் ஆகாது. அந்த முறுக்கலைத்தான் தேடுகிறேன். இன்னும் வரவில்லை.

ஜூலை 15

வரவில்லை.

ஜூலை 24, புதன்

தந்தி மாட்டியாயிற்று. நாலு நாளாக நல்ல மழை, அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் வீட்டுக் கதவுகூட உப்பி மூட மாட்டேன் என்கிறது. அந்தக் கழுத்து மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. ஆர்டர் கொடுத்தவர் வந்து ஒரு மணி நேரம் வாசித்தார். கடைசி ஃப்ரெட் வரை கை போனது. அவர் சிரித்தார், சார் சிரித்தார், அனஸ் சிரித்தான். நானும் சிரித்தேன், பல் வலிக்க.

எப்படி நேராக நிற்கிறது? மரத்துக்குமா அவனைப் பிடித்திருக்கிறது?

ஆகஸ்ட் 2, வெள்ளி

மரக்கழிவுப் பெட்டியைக் காலி செய்தேன். அந்தக் கட்டையின் நுனியில் அறுத்துப் போட்ட துண்டு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் மெழுகும் என் அம்புகளும். மேலே, மேலே, மேலே. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் ரம்பம் அறுத்த புது முகம், வளையம் பளிச்சென்று தெரிந்தது.

மேலே, கீழே, மேலே.

அடுக்கியது சரி. நடுப்பட்டைக்கு நான் போட்ட குறிதான் தப்பு. கோபத்தில் ரேகையை ஒழுங்காகப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். அவன் அதைக் கண்டுபிடித்து, என் குறிக்கு எதிராகத் திருப்பி வைத்திருக்கிறான். ஐம்பது நாளாகிறது, சாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் துண்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. ஏன் எடுத்துவந்தேன்?

ஆகஸ்ட் 3, சனி

டீக்கடையில் அனஸைக் கேட்டுவிட்டேன். துண்டை மேசையில் வைத்து, "குறி தப்புன்னு ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் நெளிந்தான். "தப்புன்னு எனக்கே கன்ஃபார்மா தெரியலக்கா. மரம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. லேசா சுரண்டிப் பாத்துட்டு மரத்த நம்பித் திருப்பிட்டேன். பயந்துகினேதான் க்ளாம்ப் போட்டேன். அப்பதான் நீங்க வந்து நின்னீங்க. அக்கா பாத்துகினு கீறாங்களே, தப்புன்னா சொல்லிருப்பாங்கன்னு மீதியையும் இறுக்கிட்டேன்."

டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவன்தான் கொடுத்திருப்பான்.

ஆகஸ்ட் 4

தூக்கமே இல்ல. என் வாய நம்பி இறுக்கியிருக்கான். நான் வாய மூடிகினு நின்னத நம்பி.

ஆகஸ்ட் 19, திங்கள்

அதே மாதிரி இன்னொரு ஆர்டர். சார் எனக்குக் கொடுத்தார். அனஸ்தான் சொன்னானாம், "இத அக்காவுக்குக் குடுங்க சார்" என்று. கேட்டு மூன்று வருடமான பிறகு கிடைத்தது, இப்படியா கிடைக்க வேண்டும்?

மூன்று பட்டைக்கும் குறி போட்டேன். நிதானமாக, வெளிச்சத்தில் வைத்து. போட்டு முடித்ததும் அனஸைக் கூப்பிட்டேன். யாரும் பக்கத்தில் இல்லை. "அன்னிக்கு நீ அடுக்கினது தப்புன்னுதான் நெனச்சேன். நெனச்சிகினேதான் தண்ணி குடிச்சிட்டுப் போனேன்" என்றேன்.

அவன் பட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு பிளேடை எடுத்து மூன்று முனையிலும் மெழுகைச் சுரண்டிப் பார்த்தான். குறி மூன்றும் சரியாக இருந்தன. இருந்தும் இன்னொரு முறை சுரண்டிப் பார்த்தான்.

நான் நகரவில்லை. அவன் ஒவ்வொரு பட்டையாகத் தூக்கிக் காட்டக் காட்ட, "சரி", "சரி", "சரி" என்று வாயைத் திறந்து சொன்னேன்.