பிரிட்ஜில் வைத்த ரத்தம்

ஜூலை 9, புதன்

நேற்று மாலை கள்ளிக்குப்பத்தில் எங்கள் லேபில் ரத்தம் சுழற்றும் மெஷின் மக்கர் செய்தது. டெஸ்டுக்கு வந்த மேரி அக்காவின் ரத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று, மேலே தெளியும் சீரத்தைப் பிரிக்காமல் குழாயை அப்படியே பிரிட்ஜில் வைத்தேன். இன்று காலை மெஷின் ஓடியதும் பிரித்துப் பார்த்தால் பொட்டாசியம் உப்பு ஏழு. ஐந்தைத் தாண்டக் கூடாது. சீரம் சிவக்கவில்லை; அதனால் அணுக்கள் உடையவில்லை என்று நினைத்தேன். அதை நம்பி ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். அவர் கணவர் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. சிவப்பணுவின் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். குளிரில் அது நின்றுபோகும். ராத்திரி முழுக்கப் பொட்டாசியம் கசிந்திருக்கிறது; அக்காவின் உடம்பில் இல்லை, என் குழாயில். பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியவள் நான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கணவர் போனில் பேசினார். "நீ கரெக்டா சொன்னதாலதாம்மா தப்பிச்சா. உப்ப இறக்க உடனே ஊசி போட்டாங்கோ. இப்ப இன்னாவோ கை நடுங்குதுன்னு சொல்லிக்கினு கீறா."

"பாத்துக்குங்கண்ணே," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஏறாத உப்பை இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் போடும் ஊசி இன்சுலின்; சர்க்கரையையும் சேர்த்து இறக்கும், கை நடுங்கும். இதை எழுதிய நேரத்தில் அவருக்குப் போன் செய்திருக்கலாம்.