நேரம் தவறாத கடைசி ரயில்

கூர், 14.11.2015

பேசாமல் இருந்தது போதும். மூடிக்கிடக்கும் எங்கள் பழைய ரயில் நிலையத்தில் இன்று அதன் வரலாற்றைச் சொல்லும் பலகையைத் திறந்துவைத்தார்கள். "கடைசி ரயிலும் நேரம் தவறவில்லை" என்று எழுதி, நிலைய அதிபரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நிலையம் மூடிய அன்று விடியுமுன், தண்டவாளம் பிரியும் இடத்தில் இடுப்பளவு பனியைச் சவளால் தனியாக வெட்டி எறிந்தவன் நான். பட்டதாரி சவள் பிடிக்கிறான் என்று அவர் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. ரயில் ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

பலகை வைத்த சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மனைவி வாசித்தாள்.

"கடிதத்தில உங்கட பேரைப் போடாட்டி ஆரெண்டு அவைக்கு எப்பிடித் தெரியுமப்பா?"

"அங்க வேலை செய்த தமிழன் நான் ஒருத்தன்தானே."

"பிறகென்னத்துக்கு ஒளிக்கிறியள்?"

"வரலாறு எழுதிறவை தேடிக்கொண்டு வரட்டும்."

பெயரில்லாமலே நாளை தபாலில் போடுவேன்.