வாத்தை வரைந்தவள்

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உன் அண்ணன் மகனும் மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்கிறார்கள். அங்கே உன் மகளுக்கும் நாலு மாதக் குழந்தைக்கும் உன் முழங்காலுக்கும் குறை ஒன்றும் இல்லை என்று நம்பி மேலே எழுதுகிறேன். நேற்று ஒரே நாளில் நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் உன் மகள்தான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க அத்தை" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பொய் சொல்லப் பழகாத பிள்ளை, ஒரே காரணத்தை நாலு தடவையும் சொல்லிவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, வரி மேலும் கீழும் ஓடும். பேத்தி டைப் அடித்துத் தருகிறேன் என்றாள். இது என் கையாலேயே வரவேண்டியது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் விஷயம். நம் பாத்திரம் துலக்கும் தூளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வேறு ஊரில் ஒரு சோப்புக் கம்பெனி வாத்துப் படத்தைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறதாம். நம் பாக்கெட்டில் இருக்கும் வாத்து அதைப்போலவே இருக்கிறதாம். முப்பது நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ். எட்டு நாள் போய்விட்டது. "நாமதான் பதிவுக்குக் குடுத்திருக்கோமே அண்ணி" என்று நீ கேட்பாய். கொடுத்தோம். அது செத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். மகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்று நீ இரண்டு வாரம் போயிருந்தாயே, அப்போது நடந்தது இது. பேத்தி பத்துப் பேரிடம் விசாரித்து, டிரேட்மார்க் வேலை செய்கிற ஒரு அம்மாளிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரும்பு அலமாரி நிறைய ஃபைல், அந்த அம்மாள் விரல் நிறைய மை. உட்கார்ந்த உடனே கேள்விதான். தூள் எந்த வருஷம் கடைக்குப் போச்சு? முதல் லேபிள் இருக்கா? இதே மாதிரி வாத்து வேற யாராவது வச்சிருக்காங்களான்னு தேடிப் பார்த்தீங்களா? தேட நாலு நாள் ஆகும், கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. வேலை கேட்டு வந்தவள் மாதிரி நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு, "இந்தப் படத்தை வரைஞ்சது யாரும்மா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

படித்துவிட்டாயா? இன்னொரு முறையும் எழுதுகிறேன். நான்தான் வரைந்தேன் என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் சோடா உப்பும் கல்மாவும் சலித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீ வரைந்தாய். உன் நடையைப் பார்த்து உன் அண்ணன் உன்னை வாத்து என்றுதான் கூப்பிடுவார். "என்னையே போட்டுக்கறேன், போங்க" என்று வரைந்தாய். இரண்டாவது கால் சரியாக வரவில்லை என்று ஒற்றைக் காலோடு விட்டுவிட்டாய். அது நின்றது, இத்தனை வருஷம். உன் படம் என்பது மட்டுமில்லை, அது உன் பேரும்கூட. இரண்டையும் ஒரே வார்த்தையில் எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்காதே என்று எழுத வந்தேன். கேட்டால்தான் நியாயம். பக்கத்தில் பேத்தி இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளிடம், இந்தத் தூள், இந்த பாக்கெட், இந்த வாத்து எல்லாம் பாட்டியின் மூளை என்று அளந்துவிட்டிருந்தேன். கல்லூரியில் என்னைப் பற்றிப் பேசிப் பரிசுகூட வாங்கினாள். அந்தக் கோப்பையை உனக்கும் காட்டினாள். நீ அவள் தலையைத் தடவிக்கொடுத்தாய். இன்னொன்றும் இருக்கிறது. தூள் கலந்து கலந்து தோல் உரிந்தது என் கை. ஆனால் எந்தக் கடையில் போய் நின்றாலும் "வாத்து வந்துடுச்சு" என்பார்களே தவிர, உங்கள் தூளில் பாத்திரம் பளிச்சென்று இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னதில்லை. அரைத்தவள் ஒருத்தி, மணத்தவள் ஒருத்தியா என்று வயிறு எரிந்திருக்கிறது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எரிந்திருக்கிறது.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படின்னா வரைஞ்ச அன்னிக்கு எதுல வரைஞ்சீங்க, அந்தத் தாள் எங்கே? வேற யாராவது கை வச்சிருந்தா அவங்க கையெழுத்து இல்லாம நான் மனு போட மாட்டேன்" என்றாள். என்னைத் திருடியாக்கப் பார்க்கிறாயா என்று எழுந்துவிட்டேன். உண்மையில் திருடிதான், அதுதான் அவ்வளவு சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பேத்தியை விட்டுவிட்டு நானாகவே இன்னொருவனைப் பிடித்தேன். கண்ணாடிக் கதவு, சில்லென்று ஏசி, வாசலிலேயே "வாங்கம்மா, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "நூத்துக்கு நூறு கிடைச்சிடும்மா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். போட்டேன். கேள்வி கேட்காதவன் மரியாதை தெரிந்தவன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட நாலு பேரிடம் விசாரிப்போம். இதற்கு நான் நாற்காலியைப் பார்த்து மயங்கினேன்.

அவன் எதையும் தேடவில்லை. அந்தச் சோப்புக் கம்பெனி வாத்து முன்னாலேயே பதிவில் இருந்திருக்கிறது. அரசாங்க ஆபீஸ் அதைக் காட்டி, ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லு என்று அவனுக்குத்தான் எழுதியிருக்கிறது. அவன் பதிலும் போடவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மனுவைக் கைவிட்டதாக மூடிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு இருக்கிறது, உள்ளே இப்போது செருப்புக் கடை.

மனு போட்டதற்கு அவன் கொடுத்த ரசீதைத்தான் நான் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். நீ ஊரிலிருந்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதைப் படித்தாய். "அண்ணி பேரை அழகா அச்சடிச்சிருக்காங்க" என்றாய். பத்தாம் நாள் மகளுக்கு உதவி என்று பெட்டியோடு கிளம்பினாய். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். நீ சேலையை மடித்து வைத்துக்கொண்டே "மிக்ஸிங் டிரம்முக்கு மூடி வாங்குங்க அண்ணி, தூள் மூக்குல ஏறுது" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நோட்டீஸ் வந்த மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடிக்குத்தான் மறுபடி ஏறினேன். பேத்தியும் வந்தாள். அந்த அம்மாள் பழசை எதுவும் குத்திக்காட்டவில்லை. அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். "இவளோட அத்தைப் பாட்டி வரைஞ்சது. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். மாடிப்படி இறங்கும்போது நான் விழுந்துவிடாமல் பேத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் விட்டுவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தூளாவது உங்களோடதுதானே பாட்டி?" என்று கேட்டாள். அது மட்டும் நிஜம்டி என்றேன்.

வழி ஒன்று இருக்கிறதாம். அந்தக் கம்பெனி வாத்து வந்து பன்னிரண்டு வருஷம்தான். நாம் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே விற்றோம் என்று காட்டினால் நம்மை நிறுத்த முடியாதாம். பிரஸ்காரர் தேதி முத்திரை குத்திக் கொடுத்த முதல் லேபிள் உன் பெட்டியில்தான் இருக்கிறது. அதோடு, இதை வரைந்தவள் நீதான் என்று உன் கையெழுத்தும் வேண்டும்.

புதிய மனுவில் உரிமையாளர் இடத்தில் உன் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுக்குங்கம்மா. நாளைக்கு அவங்க நெனச்சா, இந்தப் படத்தைப் போட்டு நீங்களே விக்கக் கூடாதுன்னு சொல்லலாம்" என்றாள். சொல்லட்டும், அந்த உரிமை அவளுக்கு அன்றைக்கே இருந்தது என்றேன். பேத்தி மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப இனிமே நீங்க அத்தைப் பாட்டி கம்பெனியில வேலைக்கு நிக்கறீங்க" என்றாள். நின்றுவிட்டுப் போகிறேன். தூள் கலக்க இந்தக் கைக்குத்தானே தெரியும்.

காரியம் ஆக வேண்டும் என்றுதான் அண்ணிக்கு ஞாபகம் வந்தது என்று நினைப்பாய். நோட்டீஸ் வராவிட்டால் இதை எழுதியிருப்பேனா என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். வந்த பதிலை உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பேத்தி தாள்களோடு அங்கே வருகிறாள். உனக்கு மனமில்லை என்றால் அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடு. நான் படமில்லாமல் வெறும் கவரில் போட்டு விற்றுக்கொள்கிறேன். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். உன் மகளுக்கு ஆசீர்வாதம். நீயும் என்னைவிடச் சின்னவள்தான். உன் கையில் உருவானதெல்லாம் உன் பேர் சொல்லி நிலைக்கட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுவதானால் அதோடு என்னைத் திட்டி நாலு வரி எழுதி அனுப்பு. வெறும் கையெழுத்தை மட்டும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணி