அப்பாவின் தொப்பிக்குள் இருந்த அட்டை

அன்புள்ள வெஸ்லிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் ஜொலீனும் டாலஸில் சுகமாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதக் கை போனது, பழக்கதோஷம், நிறுத்திக்கொண்டேன். சுகமில்லை. அப்பாவுக்குக் காலை வெட்டிய இடம் இன்னும் ஆறவில்லை, வாரத்தில் மூன்று நாள் கட்டுப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ அனுப்பிய பழக்கூடை வந்தது. பேரிக்காய்களைக் கன்றுகளுக்குப் போட்டேன். இனி எதையும் அனுப்பாதே.

சோளம் அறுத்தாகிவிட்டது. போன சனிக்கிழமை அக்கம்பக்கத்தார் தங்கள் வயலை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது அறுவடை வண்டிகளோடு வந்து ஒரே பகலில் முழுவதையும் முடித்துக் கொடுத்தார்கள். அடிபட்டவன் வீட்டுக்கு இந்த ஊர் எப்போதும் செய்வதுதான், நீயே பதினாறு வயதில் அப்படி ஒரு வீட்டுக்கு வண்டி ஓட்டப் போயிருக்கிறாய், மறந்திருக்காது. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள், “வெஸ்லி வரலியா?” என்று. அவனுக்குப் பெரிய வேலை, லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அதை உன்மேல் இருந்த பாசத்தில் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகும் அதே பொய்யைத்தான் சொன்னேன், ஆனால் வெட்கத்தில்.

அடிபட்ட அன்று உன்னிடம் போனில் அழுதுகொண்டே பேசியதில் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது கேள், கேட்டுத்தான் ஆகவேண்டும். காலை ஒன்பது மணி இருக்கும், இழுவண்டியில் வைக்கோல் உருளைகளைக் கட்டியிருந்த பட்டை அறுந்தது. ஒரு மாட்டின் எடை உள்ள உருளை உருண்டு வந்து அப்பாவையும் டெல்பர்ட் மாமாவையும் சேர்த்து வேலிக்கம்பத்தோடு நசுக்கிவிட்டது. இரண்டு பேருக்கும் முழங்கால் நொறுங்கி, அதன் பின்னால் ஓடுகிற ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. ஒரே அடி, ஒரே ஆம்புலன்ஸ். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி அந்த வலியிலும் வாயை மூடவில்லை. “மச்சான், உங்களுக்கு அங்க மாப்பிள்ளை உபசாரம் நடக்கும், என்னைத்தான் எங்கயாவது தூக்கிக் கடாசிருவாங்க” என்றான். அப்பா, “அதுக்கு எம்புள்ள மாதிரி ஒருத்தனப் பெத்திருக்கணும்டா” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஈஸ்டருக்கு வந்தபோது நீ கொடுத்த இன்ஷூரன்ஸ் அட்டை அதன் உள்பட்டையில்தான் இருந்தது. “பேரைச் சொல்றதுக்கு முன்னாடி இதைக் காட்டுங்கப்பா” என்று நீ சொன்னாயே, அப்படியே செய்தார். ரத்தக் கையோடு அதை நீட்டினார். டெல்பர்ட்டிடம் நீட்ட ஒன்றும் இல்லை.

உங்கள் கம்பெனி நடத்துகிற நம் ஊர் ஆஸ்பத்திரியில் டெல்பர்ட்டைப் பார்த்த கையோடு, “உங்க அடிக்கு இங்க வசதி இல்லைங்க, ஓமஹா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்” என்று சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டார்கள். அப்பாவிடம், “கவலையே படாதீங்க, எல்லாத்தையும் இங்கயே பாத்துக்கலாம்” என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் மகன் கொடுத்த அட்டை, என் புருஷனுக்குத் தனி அறை. பாவம் தம்பி, எங்கேயோ கொண்டுபோகிறார்களே என்று வாசலில் நின்று கையாட்டினேன். நண்பகலில் அப்பா கால் சில்லிட்டுப் போகிறது என்றார். நான் என் பையிலிருந்து கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிவிட்டேன், வெஸ்லி. ரத்தம் ஓடாத காலுக்குக் காலுறை போட்டுத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். எலும்பு டாக்டர் வந்தார், பார்த்தார், இன்னொருவரைக் கேட்கவேண்டும் என்று போனார். ரத்தக்குழாய் தைக்கிற டாக்டர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மாலை நான்கு மணிக்குத்தான் அனுப்பினார்கள். ஓமஹா டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

டெல்பர்ட்டுக்குக் கால் இருக்கிறது. ஆனால் அட்டை இல்லாதவன் என்று ஒன்பதாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நடக்கப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை, மாட்டுப்பட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து பழகுகிறான், பாதம் கோணிக்கொண்டு போகிறது. அப்பாவுக்கு வெந்நீர்க் குளம், இயந்திரங்கள், கூடவே இரண்டு பயிற்சிப் பெண்கள். கால் உள்ளவனுக்குப் பயிற்சி இல்லை, பயிற்சி கிடைத்தவருக்குக் கால் இல்லை. உங்கள் தொழிலின் லட்சணம் இது.

சனிக்கிழமை மத்தியானம் வயலில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கட்ட ஆர்டித் வந்திருந்தாள். அன்று அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் அவள்தான். அந்த வேலையை விட்டுவிட்டாள், அதனால் பேரை எழுத எனக்குப் பயமில்லை. பன்றி இறைச்சியை நறுக்கிக்கொண்டே இருந்தவள் கத்தியை வைத்துவிட்டு அழுதாள். அப்பாவையும் அதே நேரத்தில் ஓமஹாவுக்கு அனுப்ப அவள் கேட்டிருக்கிறாள். முடியாதாம். நல்ல இன்ஷூரன்ஸ் உள்ளவரை வெளியே அனுப்புவதற்கு முன்னால் டாலஸில் உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று விதியாம். அட்டை இல்லாதவர்களால் வரும்படி இல்லை, அவர்களுக்கு அந்தப் போன் தேவையில்லை, உடனே அனுப்பிவிடலாம். அன்று காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்திருக்கிறாள். “அத்தை, நீங்க நம்ப மாட்டீங்க” என்று அந்த விதி அச்சடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கீழே உன் கையெழுத்து. டபிள்யூவுக்கு ஒரு வால் இழுப்பாயே, மூன்றாம் வகுப்பில் நான் அடித்தும் திருந்தாத வால், அதுவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டபோது நீ மறுக்கவில்லை. அதற்குப் பதிலாக, “இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்கதாம்மா அதிகமா பிழைக்கிறாங்க, கணக்கு அப்படித்தான் சொல்லுது” என்றாய். இருக்கலாம். அதை நம்பித்தானே உன் அப்பா தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். எந்த ஆஸ்பத்திரியில் போய் விழுகிறோம், அங்கே எந்த டாக்டர் இருக்கிறார், அங்கிருந்து எப்போது வெளியே விடுவார்கள் என்பதெல்லாம் உன் கணக்கில் வருகிறதா இல்லையா? “அது அப்பாவுக்காகப் போட்ட விதி இல்லம்மா” என்றாய். அது யாருடைய அப்பாவுக்கு என்று நினைத்துப் போட்டாய்? எனக்கு உன்மேல் இருப்பது கோபம் மட்டுமில்லை. உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால் அப்பாவுக்கு இது தெரியாது. அந்தத் தாளை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தொப்பியைத் திருப்பி அட்டையைக் காட்டி, என் மகன்தான் என் உயிரைக் காப்பாற்றினான் என்கிறார். டெல்பர்ட் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் ஆர்டித் சொல்லிவிட்டாள். நன்றி சொல்லும் நாள் விருந்தில் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லவேண்டுமே, இந்த வருடம் தான் உனக்குத்தான் சொல்லப்போவதாக அப்பா இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நீ அன்றைக்கு இங்கே இருக்கவேண்டும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ பேசவேண்டும். வராவிட்டால் அந்தத் தாளை நானே படித்துக் காட்டுவேன், கையெழுத்து உட்பட. அந்த விதியை எடுத்துவிட்டு வந்தால் வீட்டு மனுஷனாகப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவேன். எடுக்காமல் வந்தாலும் வா, திட்டு வாங்கிக்கொண்டு போ.

ஜொலீனுக்கு என் ஆசிகள், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. உனக்கும் ஆசி சொல்லித்தான் கடிதத்தை முடிக்கவேண்டும், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், அவர் யாருக்கும் போன் செய்து கேட்கவேண்டியதில்லை. வரும்போது கம்பளிக் கோட்டு எடுத்துக்கொண்டு வா, குளிர் தொடங்கிவிட்டது.

அம்மா,
லவோன்

வெஸ்லிக்கா எழுதுகிறாய், நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். மேலே எழுதியதெல்லாம் தெரியாமல் மடித்து, கீழே இந்த இடத்தை மட்டும் அவரிடம் கொடுக்கிறேன்.

மகனே, உன் அட்டை நல்லா வேலை செஞ்சுது. டெல்பர்ட் மாமாவுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. பாவம், அவனை அன்னைக்கு வெளிய அனுப்பிட்டாங்க. — அப்பா