நான் மூடிய திரை

14.12.2017, வியாழன்

பாரிஸ் லாச்சப்பலில் நான் பிள்ளை பார்க்கும் யூத வீட்டில் இன்று ஹனுக்கா என்ற விளக்குத் திருநாளின் மூன்றாம் இரவு. மெழுகுதிரிகள் எரிந்து முடியும்வரை அங்கே பெண்கள் வேலை செய்வதில்லை. வீட்டுக்கார மதாம் என்னையும் இருத்திவிட்டார். அந்த நேரத்தில் தினமும் ஒருவர் சின்னவள் ஹன்னாவுக்குக் கதை சொல்ல வேண்டும். இன்று என் முறை.

திரிகளை யன்னலில் வைத்ததும் என் கை தானாகப் போய்த் திரையை இழுத்து மூடிவிட்டது.

“தெருவில் போகிறவர்கள் பார்க்கத்தானே வைக்கிறோம்” என்று ஹன்னா பிரெஞ்சில் சொன்னாள். மதாம் எழுந்து திரையைத் திறந்தார்.

குளத்து நிலவைப் பிடிக்கப் போன முயலின் கதையைச் சொன்னேன். ஊரில் சண்டை நேரம், வெளிச்சம் தெரிந்தால் செல் குண்டு விழும் என்று பங்கர் குழிக்குள் இருட்டில் வைத்து என் மகனுக்குச் சொன்ன கதை அது. முயல் தண்ணீரில் கால் வைத்த இடத்தில் நின்றுபோனேன்.

“பிறகு?” என்றாள் ஹன்னா.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “ஏதாவது ஒரு முடிவைச் சொல்லியிருக்கலாமே” என்றார். “ஓம்” என்றேன். அந்த நாட்களில் இவர் இஞ்சை, பாரிஸில்.

மகனும் அந்த இடத்தில்தான் “பிறகு?” என்று கேட்டான். “பொறு ராசா, சத்தம் அடங்கட்டும், சொல்லுறன்” என்றேன்.

சத்தம் அடங்கியபோது கேட்க அவன் இல்லை.