கால் எட்டாத சைக்கிளில் போன ராத்தாவுக்கு

என் செல்ல ராத்தா,

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்கு நாங்கள் கேட்கும் துஆ போய்ச் சேரும் என்று ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். கடிதம் போய்ச் சேருமா என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீ போகும்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய், எழுத்துக் கூட்டி வாசிப்பாய். கஷ்டமான சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

என்னைவிட ரெண்டு வயது மூத்த நீ எட்டு வயதிலேயே நின்றுவிட்டாய். எனக்கு இப்போது முப்பத்துமூன்று. கலியாணம் கட்டித் தில்லையடியில் இருக்கிறேன். ஒரு மகள், பெயர் அம்னா, ஆறு வயது. உம்மா நாலு வருஷத்துக்கு முதல் உன் பக்கத்துக்கே வந்துவிட்டா, அது உனக்கே தெரிந்திருக்கும். வாப்பா மட்டும் கண்டக்குழியில் அதே வீட்டில் தனியே இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அம்னாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய், அவருக்குச் சமைத்து வைத்து, ஞாயிறு திரும்பிவிடுவேன்.

இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. சைக்கிள் என்ற சொல்லும் இல்லை. வாப்பா பள்ளிவாசலுக்கும் கடைக்கும் நடந்துதான் போகிறார், கால் வீங்கினாலும் நடைதான். அம்னாவுக்குச் சைக்கிள் வாங்குவோமா என்று என் மாப்பிள்ளை கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். உன்னைப் பற்றி அம்னாவுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

கச்சான் காற்று தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மணல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்த அம்னா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“உம்மா, அந்த ராத்தா கூப்பிடுறா.”

“எந்த ராத்தா?”

“பெரிய சைக்கிள் ஓடுறவ. நிப்பாட்ட ஏலாதாம். பிடி, பிடி எண்டு சொல்றா.”

என் கையில் இருந்த துணி மணலில் விழுந்தது. “நீ பிடிச்சியா?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“எனக்கு எட்டாதே, உம்மா. உயரம்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளியில் ஒருவரும் இல்லை. வெயில் மணலில் பட்டுக் கண் கூசியது. மணலில் சைக்கிள் சில்லுப் போன தடம் மட்டும் இருந்தது, சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஊர்ப் பிள்ளைகள் ஓடியிருக்கலாம். ஆனால் ஏறிய இடமும் இறங்கிய இடமும் எங்கேயாவது இருக்க வேண்டுமே? வட்டத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்தேன். ஒரு கால் அடையாளம்கூட இல்லை.

ராத்தா, இதே வெளியில் அன்று நடந்ததை நீயும் நானும் மட்டும்தான் அறிவோம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வாப்பா உனக்கு வாங்கி வந்தது பெரியவர்கள் ஓடும் சைக்கிள். இருபத்தாறு அங்குலச் சில்லு. ரெண்டு பேருக்கும் பல வருஷத்துக்கு உதவும் என்றுதான் வாங்கினார். சீட்டை எவ்வளவு பதித்தும் உன் கால் நிலத்துக்கு எட்டவில்லை. பிரேக்கைப் பிடிக்க உன் விரலுக்கு நீளம் காணாது. கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் ஏறி நின்று நீ சீட்டில் ஏறுவாய். இறங்குவதற்கு நான் வேண்டும். பூவரச மரத்தடியில் நான் நிற்பேன், நீ வேகத்தைக் குறைத்து “பிடி!” என்பாய், நான் கரியரைப் பிடித்து இழுப்பேன், நீ குதிப்பாய். நான் இல்லாமல் உனக்கு நிற்கத் தெரியாது. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அன்று மீன் வாடிப் பக்கம் ஒரு கழுதை குட்டி போட்டிருந்தது. நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று உம்மாவிடம் சொன்னேன். பொய். கேட்டது, ராத்தா. மூன்று தரம் கேட்டது. எனக்கு ஒரு சுற்றும் தராமல் நீயே ஓடிக்கொண்டிருந்தாய் என்று கோபம். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றட்டும் என்று குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்றேன். நாலாவது தரம் நீ கூப்பிடவில்லை. களைத்துப்போய் ஹேண்டிலைத் திருப்பியிருப்பாய். இறங்குதுறைக்குப் போகும் சாய்வான பாதை அங்கேதான் தொடங்குகிறது. பாதையின் முனையில் வள்ளங்கள் கட்டும் ஆழத் தண்ணீர்.

சைக்கிளைப் பெரிதாக வாங்கியது என் பிழை, என் பிழை என்று வாப்பா உன் மய்யித்தை அடக்கச் சுமந்துகொண்டு போகும்போதும் சொன்னார். ஆறு வயதில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகும் இருபத்தேழு வருஷம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அம்னா சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி, பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய தண்ணீர் வாங்கித் தந்தா. அம்னா குடித்தாள். ஆனால் அவளுக்குப் பயமே இல்லை, ராத்தா. பயந்தது நான்தான். அடுத்த வெள்ளியும் வந்து, “இண்டைக்கும் சுத்துறா உம்மா, பாவம்” என்றாள். அதற்கடுத்த வெள்ளி அவளைக் காணவில்லை என்று தேடிப் போனால், மாமியின் மகனுடைய பெரிய சைக்கிளில், தோணி ஒன்றில் ஏறி நின்று காலைப் போடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட ஓடினாத்தானே அவவப் பிடிக்கலாம்” என்றாள்.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசற்படியில் இருந்த வாப்பாவைப் பார்த்து, “இவ எப்படியும் ஏறத்தான் போறா, வாப்பா. கால் எட்டுற சைக்கிள் ஒண்ட நானே வாங்கிக் குடுக்கப்போறன்” என்றேன். அந்தச் சொல் அந்த வீட்டில் விழுந்ததும் காற்றுக்கூட நின்றதுபோல் இருந்தது.

வாப்பா படியிலிருந்து எழும்பினார். பிறகு, “நானும் வாறன்” என்றார்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் புத்தளம் டவுனுக்குப் போனோம். கடைக்காரர் அம்னாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு இருபது அங்குலச் சில்லு ஒன்றை உருட்டி வந்தார். “இத எடுங்க தங்கச்சி. கொஞ்சம் பெரிசுதான், ஆனா புள்ள வளர்ந்திடும். பதினாறு எடுத்தா ரெண்டு வருஷத்துல சின்னதாப் போயிடும்.”

நான் வாய் திறக்கும் முன் வாப்பா சொன்னார்: “வளர்ந்த பிறகு ஓடுறதுக்கு வாங்க வரல்ல, தம்பி. இண்டைக்கு ஓடுறதுக்கு வந்தம்.”

கடைக்காரர் சிரித்தார், ஆனால் வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு ஒழுங்காகவே அளந்தார். அம்னாவைச் செருப்புடன் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால்களுக்கிடையில் ஒரு எழுதும் கொப்பியை நேராகப் பிடித்து, அது தொட்ட இடத்திலிருந்து நிலம் வரை நாடா போட்டார். “இந்த அளவை விடச் சீட்டு உயரக் கூடாது. அப்பதான் பாதம் முழுசா நிலத்துல படும்” என்று சொல்லிப் பதினாறு அங்குலச் சைக்கிளைக் கொண்டுவந்து சீட்டைப் பதித்தார்.

அம்னா ஏறி இருந்தாள். வாப்பா மெதுவாகச் சீமெந்துத் தரையில் முழங்காலை ஊன்றி, அவள் குதிக்காலுக்குக் கீழே தன் விரல்களை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மற்றக் காலுக்கும் பார்த்தார், நுழையவில்லை. முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரேக்கில் வைத்து, “அமத்து” என்றார். அமத்தினாள். “இன்னொருக்கா.” அமத்தினாள். பத்துத் தரமாவது அமத்தச் சொல்லியிருப்பார்.

அப்போது அம்னா பக்கத்தில் நின்ற இருபது அங்குலச் சைக்கிளுக்கும் அப்பால், ஒருவரும் இல்லாத மூலையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். “ஓம், அது பெரிசு” என்றாள்.

“யாரோட கதைக்கிற?” என்றார் வாப்பா.

“ஃபரீனா ராத்தாவோட.”

உன் பெயர், ராத்தா. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, ஒரு சைக்கிள் கடையில்.

வாப்பா எழும்பவில்லை. முழங்காலில் நின்றபடியே, சின்னக் குரலில், “வேற என்ன சொல்றா?” என்று கேட்டார்.

“அண்டைக்கு அவட தங்கச்சி வரல்லயாம்.”

கடைக்காரர் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வெளியே லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வாப்பா என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸின் பின் சீட்டில் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் புறப்பட்டோம். அம்னா மடியில் தூங்கிவிட்டாள். பாலாவி உப்பளம் இரண்டு பக்கமும் வெள்ளையாக, ஆளரவமில்லாமல் கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“வாப்பா, அண்டைக்கு நான் மரத்தடியில நிக்கல்ல.”

“தெரியும் மகள்.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. வாடியில கருவாடு காயவச்ச பொம்புள சொன்னா. சின்னவ கழுதைக்குட்டியோட நிண்டத அவ கண்டிருக்கிறா.”

“பிறகேன் ஒண்டும் கேக்கல்ல?”

வாப்பா அம்னாவின் காலில் கையை வைத்தார். “உனக்கு இவட வயசு. ஆறு வயசுப் புள்ளய நம்பி அந்தச் சைக்கிள வாங்கினது நான்தானே.”

நான் அழுதேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், “அம்னாட்ட நீங்களா சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் விடை இருந்தது. அவரும் அதையேதான் என்னிடம் கேட்க இருந்தார்.

அன்று அஸருக்குப் பிறகு வெளிக்குப் போனோம். இறங்குதுறைப் பக்கம் வாப்பா ஒரு கதிரையைப் போட்டு, அதில் உட்கார்ந்து பாதையை மறித்துக்கொண்டார். அம்னா முதலில் மிதிக்காமல் காலால் உந்தி உந்திப் போனாள். தடுமாறினால் பாதம் நிலத்தில். சாய்ந்தால் பாதம் நிலத்தில். அரை மணித்தியாலத்தில் மிதித்து ஓடத் தொடங்கினாள். ஒரு சுற்று முடிந்ததும் தானே பிரேக்கை அமத்தி, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். பிடிக்க ஒருவர் தேவைப்படவில்லை. வாப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நின்ற அம்னா சைக்கிளைக் கொஞ்சம் ஓரமாக்கினாள், பின்னால் வரும் யாருக்கோ வழி விடுவதுபோல.

“அவ நிண்டிட்டாவா?” என்று கேட்டேன்.

“இல்ல உம்மா. இன்னும் சுத்துறா.”

நான் நடந்து போய்ப் பூவரச மரம் இருந்த இடத்தில் நின்றேன். மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். கையை நீட்டினேன்.

“அங்க இல்ல உம்மா. இங்கால.” அம்னா வந்து என் அபாயாவைப் பிடித்து நாலைந்து அடி தள்ளி நிறுத்தினாள். செருப்புக்குக் கீழே மணலுக்குள் பட்டுப்போன வேர் ஒன்று தட்டுப்பட்டது. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே போன மரம், ராத்தா.

நின்றேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் என்னைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் மட்டும் மணல் அசையவில்லை. எண்ணெய் போடாத சங்கிலிச் சத்தம் ஒன்று கிட்ட வந்ததுபோல் இருந்தது. கையை விரித்தேன். என் வலப்பக்கமாக ஏதோ கடந்து போனது. என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“ஏன் நிக்கல்ல?” என்று கத்தினேன். யாரைக் கேட்டேன்?

அம்னா தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். “உங்கள யாரெண்டு தெரியாதாம் உம்மா. யாரோ பெரிய பொம்புள நிக்கிறாவாம். தங்கச்சி வரும் வரைக்கும் சுத்துறாவாம்.”

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ராத்தா, அந்தப் பெரிய பொம்பிளை நான்தான். கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு, உம்மாவின் உயரத்தில், உம்மாவின் சாயலில் நிற்பது நான்தான். வளர்ந்துவிட்டேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். அடையாளம் வேண்டுமென்றால் என் இடது முழங்கையைப் பார். விளக்குச் சிமினியை நீ தெரியாமல் முட்டவைத்துச் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வாற வெள்ளி கையைச் சுருட்டிவிட்டுத்தான் நிற்பேன்.

ஒவ்வொரு வெள்ளியும் அஸர் தொழுதுவிட்டு வருவேன். வெயிலோ மழையோ, வேறு எங்கும் போகமாட்டேன். நீ ஒருதரம் கூப்பிட்டால் போதும். முதல் தரத்திலேயே பிடிப்பேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
ரினோஸா