தெய்வாத்தாள் சொன்னதில் பாதி

சிங்காநல்லூர்,
ஸ்ரீமுக வருடம், கார்த்திகை 5 (1933)

சிரஞ்சீவி தம்பி அப்புசாமிக்கு, அண்ணன் செங்கோடன் ஆசீர்வதித்து எழுதுவது. சென்னையில் மழை விடவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். குடை இல்லாமல் காலேஜுக்குப் போகாதே. குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது. நான் மில்லுக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் கலெக்டர் கச்சேரிக்குப் போயிருந்தோம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மில்லில் வேலை போகாமல் ஒரு மாதமாவது லீவு வேண்டும் என்று, உன் அண்ணி தெய்வாத்தாள் தவறியபிறகு மில் தொழிலாளர் சங்கத்தார் மனுக் கொடுத்திருந்தார்கள். என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஆனியில் பெண் பிறந்ததையும், தீட்டுக் கழியும் முன்பே மேஸ்திரி ஆளனுப்பியதையும், தெய்வாத்தாள் காய்ச்சலோடு நூல் சுற்றப் போனதையும், வந்து படுத்தவள் எழவில்லை என்பதையும் சொன்னேன். யாருடைய கதையோ போல் சொல்லி முடித்தேன்.

பிறகு மில் வக்கீல் எழுந்தார். அவர் கையில் உங்கள் கல்லூரி மலர் இருந்தது. உன் கட்டுரையை இங்கிலீஷில் படித்தார். சங்கக் காரியதரிசி பீர் முகம்மது என் காதில் தமிழில் சொன்னார். மில் வந்தபின் குடியானவர் குடும்பங்கள் நிமிர்ந்துவிட்டன என்று எழுதி, அதற்கு ஆதாரமாக உன் அண்ணியின் பேச்சை மேற்கோள் போட்டிருக்கிறாய். பெயர், ஊர், எந்த மில், எல்லாம் இருக்கிறது. “மில்லில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

வக்கீல் என்னிடம், “ஏனுங்க, இது உங்க சம்சாரம் சொன்னதுதானுங்களே?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவள் சொன்னதுதான். மனு தள்ளுபடியானது.

சித்திரையில் நீ அவளிடம் கேட்டபோது நானும் இருந்தேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். “என்னைப் பொஸ்தகத்துல போட்டா ஒரு சீலை எடுத்துக் குடுக்கோணுமுங்க” என்று உன்னைக் கேலி செய்தாள். அப்புறம் சொன்னாள்: “மில்லுல நமக்கு ஒரு கொறையும் இல்லீங்க தம்பி. புள்ள பெத்தா மட்டும் தீட்டுக் கழியறதுக்குள்ள வரச் சொல்றாங்க. போகாட்டி எடம் போயிருமுங்க.”

நீ முழுவதையும் எழுதிக்கொண்டாய். நம் பக்கத்தில் குறை சொல்ல வாயெடுப்பவர்கள், குறையில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது எதிராளிக்குக் கொடுக்கும் மரியாதை. உன் சென்னை புரொபசருக்கு அது தெரிந்திருக்காது. நீ இந்த ஊரில் பிறந்தவன்.

சொன்னவர் பேச்சை அப்படியே எடுத்துக் காட்டினால்தான் வாதம் நிற்கும் என்று அந்தப் புரொபசர் சொல்லித் தந்ததாக எழுதியிருந்தாய். உன் வாதம் நின்றது.

பட்டத்துக்கு எழுதும் பெரிய கட்டுரையிலும் அவள் பேச்சு வருகிறதா? வந்தால் எடுத்துவிடாதே. அவள் சொன்னது முழுவதையும் போடு. அதன்பின் வாதம் எப்படி வருகிறதோ வரட்டும். தையில் சங்கத்தார் மறுபடியும் மனுக் கொடுக்கிறார்கள். அவள் சொன்ன மிச்சத்தை எழுதி, உன் கையெழுத்துப் போட்டு, அதற்குள் அனுப்பி வை. தெய்வாத்தாள் இருந்த இடத்தில் இப்போது மாசாணியம்மாள் நூல் சுற்றுகிறாள். அவளுக்கு மாசியில் பிரசவம்.

நீ நல்லபடி தேறி வர அவிநாசியப்பர் துணையிருக்கட்டும். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைக்கு மட்டும் ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
அண்ணன் செங்கோடன்